புதருக்குள்ளிருந்து ஒரு விசில்

எழுபத்தொன்று டிசம்பரில் சண்டை மூண்டபோது, சேலையூர் புது லேஅவுட்டில் மெட்டில்டா டீச்சருடையதுதான் கடைசி வீடு. பின்பக்கம் மதில்கூடக் கிடையாது. ஒரு முள்கம்பி வேலி, அதில் ஒரு படல், அதற்கப்பால் புதர்க்காடு. காரையும் சூரையும் ஈச்சையும் பின்னிக் கிடந்த அந்தக் காட்டுக்குள் ஆடு மேய்க்கிறவர்கள்கூட நுழையாமல் ஓரத்தோடு திரும்பிவிடுவார்கள். காடு முடிகிற இடத்தில் விமானத்தளத்தின் வேலி. மனை வாங்கும்போது அவள் கணவன் வில்பிரட், "பின்னால யாரும் வீடு கட்ட முடியாது, காத்து பிச்சுக்கிட்டு வரும் பாரு" என்று சொல்லித்தான் வாங்கினான். காற்று வரத்தான் செய்தது.

வில்பிரட்டுக்கு ரயில்வேயில் வேலை. சண்டை தொடங்கியதும் ராணுவத் தளவாடங்கள் ஏற்றிய வண்டிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்ததால் அவனுக்கு நிரந்தரமாக ராத்திரி ஷிப்ட் போட்டுவிட்டார்கள். மாலை ரயிலுக்குப் போனால் மறுநாள் வெயில் ஏறித்தான் வருவான். குழந்தைகள் இல்லை. பொழுது சாய்ந்தால் மெட்டில்டா தனி.

விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஊர் முழுக்க இருட்டடிப்பு. ஜன்னல் கண்ணாடிகளில் பிரவுன் பேப்பர் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் மாலை மெட்டில்டா மைதாப் பசை காய்ச்சி சமையலறை ஜன்னலில் காகிதத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது கேட்டது.

விசில். புதருக்குள்ளிருந்து. இரண்டே சுரம். முதலாவது கேள்வி கேட்பதுபோல் மேலே ஏறியது, அடுத்தது சட்டென்று கீழே இறங்கியது. வீ... ட்யூ. கொஞ்சம் விட்டு மறுபடியும். வீ... ட்யூ. யாரோ ஒரு ஆள் உதட்டைக் குவித்து, அவசரமே இல்லாமல், யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது.

பசைக் கையோடு அப்படியே நின்றாள். அவளைத்தான் கூப்பிடுகிறானோ என்பதுதான் முதலில் தோன்றியது. அவள் தனியாக இருப்பது தெரிந்த யாரோ. காகிதத்தை அவசரமாக அழுத்தி ஒட்டிவிட்டு, கதவின் மேல் தாழ்ப்பாளும் கீழ்த் தாழ்ப்பாளும் போட்டு, அரிசி டிரம்மை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

மறுநாளும் அதே நேரத்துக்கு அதே விசில். பிறகு ஒரு விடியற்காலையிலும் கேட்டது.

வில்பிரட்டிடம் சொன்னாள். தூக்கம் சொருகிய கண்ணோடு, "எவனாவது ஆட்டுக்காரனா இருப்பான் மெட்டி. கதவைச் சாத்திக்கிட்டு படு" என்றான்.

"ஆட்டுக்காரன் இருட்டுல என்ன மேய்ப்பான்?"

அதற்குள் அவன் குறட்டை விட்டாயிற்று.

எதிர்வீட்டு சரோஜினியிடம் சொன்னபோதுதான் அவளுக்கும் அது கேட்டிருந்தது தெரிந்தது. சரோஜினியின் கணவர் சத்தியநாதன் இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. அந்த லேஅவுட்டுக்கு இருட்டடிப்பு வார்டன் அவர்தான். கையில் பட்டையும் தடியுமாக வீடு வீடாகப் போய், யார் வீட்டு ஜன்னலில் வெளிச்சம் கசிகிறது என்று பார்க்கிற பொறுப்பு. நல்ல மனிதர். மெட்டில்டாவுக்கு டைபாய்டு வந்தபோது அவர்தான் ஓடி ஓடி மருந்து வாங்கி வந்தார்.

"டீச்சர், இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார் அவர். "ஏரோட்ரோம் வேலிக்கு இந்தப் பக்கம், தினமும் அதே நேரத்துக்கு, அதே விசில். இது வேற ஒண்ணுமில்லை. சிக்னல்."

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மகாபலிபுரத்துக்கு நேரே கடலில் நீர்மூழ்கி ஒன்று நிற்கிறதாம் என்று ரயிலில் பேசிக்கொண்டார்கள். வண்டலூர்ப் பக்கம் யாரோ பாராசூட்டில் இறங்கினதாகப் பால்காரன் சொன்னான். இப்போது இந்த விசிலும் சேர்ந்துகொண்டது. அன்று சாயங்காலத்துக்குள் லேஅவுட்டில் அதைக் கேட்காதவர்களே இல்லை என்றாகிவிட்டது. இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது என்றார் ஒருவர். வேறு பாஷை மாதிரி இருந்தது என்றார் இன்னொருவர்.

ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு கூடினார்கள். எந்த இடம் என்று கேட்டார்கள். மெட்டில்டாதான் படலருகே நின்று கையை நீட்டிக் காட்டினாள். "அதோ, அந்த ஈச்சம்புதர் பக்கத்திலேருந்து." காட்டும்போது அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது. இனிமேல் இது அவளுடைய பயம் மட்டும் அல்ல.

சூரியன் விழுந்தது. ஆண்கள் வேலி ஓரமாகக் குந்தியிருந்தார்கள். மெட்டில்டா காகிதத்தின் ஒரு மூலையைப் பிய்த்து அந்த ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீ... ட்யூ. உடனே புதர் சரசரத்தது. "பிடி! பிடி!" என்று சத்தம். யாரோ ஓடினார்கள், யாரோ விழுந்தார்கள். புதர்களுக்கு நடுவில் டார்ச் வெளிச்சம் ஒன்று மேலும் கீழும் அலைந்து அணைந்தது. அப்புறம் ஒரு மனிதனின் அலறல்.

பிடித்துவிட்டார்கள். "ஸ்தோத்திரம்" என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

பக்கத்து மனையில் கூரை போடாமல் நின்றுபோன வீடு ஒன்று இருந்தது. நாலு சுவரும் வாசல்காலும் ஜன்னல் கம்பிகளும்தான். அங்கே அவனை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மெட்டில்டாவும் போனாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாற்பது வயதிருக்கும், கறுத்து ஒடிசலான ஆள், மடித்துக் கட்டிய லுங்கி. அவன்மேல் மீன் வாடை அடித்தது. நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து கண்ணை மறைத்தது.

"யாருடா நீ? எவன் அனுப்பினான்?"

"கோதண்டம் சார். ஈஞ்சம்பாக்கத்தாண்ட குப்பம் சார். மீனு வித்துட்டு வூட்டுக்குப் போயிகினு இருந்தேன். வயிறு கலக்கிச்சு, ஒதுங்கலாம்னு உள்ள பூந்தேன். சைக்கிளு அங்க ரோட்டாண்ட கீது சார், போய்ப் பாருங்க."

"கடற்கரைக்காரன்!" என்றது ஒரு குரல். அதற்குமேல் அவன் சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. கடல், நீர்மூழ்கி, டார்ச். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது.

"டார்ச் எதுக்குடா?"

"இருட்டுல சைக்கிளு மிதிச்சுகினு போவணுமே சார்..."

தடி விழுந்தது. தடுக்கக் கையைத் தூக்கினான். இரண்டாவது அடி அந்தக் கையில் விழுந்தபோது ஒரு சத்தம் வந்தது. விறகு ஒடிகிற மாதிரி இருந்தது.

"விசில் அடிடா. எப்படி அடிச்சே, அடிச்சுக் காட்டு" என்றார் சத்தியநாதன்.

கோதண்டம் உதட்டைக் குவித்தான். கிழிந்த உதட்டிலிருந்து ரத்தமும் காற்றும்தான் வந்தன. மறுபடி முயன்றான். அழுதுகொண்டே முயன்றான். "நடிக்கிறான்" என்றார்கள்.

அந்த நேரத்தில், எல்லோருக்கும் பின்னால், புதருக்குள்ளிருந்து அது கேட்டது.

வீ... ட்யூ.

மெட்டில்டாதான் முதலில் பேசினாள். "சார், இவன் இல்லை! இவன் இங்க இருக்கான், அது அங்க கேக்குது. இவனை விட்டுடுங்க!"

சத்தியநாதன் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. "அப்படின்னா இன்னொருத்தன் இருக்கான் டீச்சர்" என்றார். குனிந்து கோதண்டத்தின் முடியைப் பிடித்தார். "உன் கூட்டாளி பேர் என்னடா?"

அவன் குற்றமற்றவன் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அதையே அவனுக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள். இனி எதைச் சொன்னாலும் இப்படித்தான் ஆகும் என்பது மெட்டில்டாவுக்குப் புரிந்தது. அந்த விசில்காரனைக் கண்ணால் காண்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஆண்களோ ஒவ்வொருவரும் அடுத்தவன் போகட்டும் என்று நின்றார்கள். துப்பாக்கி வைத்திருப்பான் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அவள் கூட்டத்திலிருந்து நழுவித் தன் வீட்டுப் படலைத் திறந்தாள்.

வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. புதருக்குள் அது மங்கலாகத்தான் இறங்கியது. சூரை முள் புடவையைப் பிடித்து இழுத்தது. எவனோ பின்னாலிருந்து பிடிக்கிறான் என்று நினைத்து ஒருமுறை வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பிப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கை ஒடிந்த சத்தம் அவளைத் திரும்ப விடவில்லை.

வீ... ட்யூ. மிகவும் பக்கத்தில். காதுக்குள்ளேயே அடித்தாற்போல் இருந்தது. ஆள் உயரத்தில் தேடினாள். எவனுடைய தலையும் தெரியவில்லை. மரத்தில் தேடினாள். சத்தமோ அவள் முழங்காலுக்கும் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. மெல்லக் குந்தினாள்.

காய்ந்த சருகுகளுக்கு நடுவில் ஒரு குருவி நின்றுகொண்டிருந்தது. மைனா அளவுதான் இருக்கும், வாலே இல்லாததுபோல் குட்டை வால். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, அதற்குமேல் ஒரு வெள்ளைக் கோடு. ஒரு சருகைப் புரட்டி எதையோ கொத்தி விழுங்கியது. பிறகு நெஞ்சை நிமிர்த்தி, தலையைப் பின்னுக்கு எறிந்து, வாயைத் திறந்தது. வீ... ட்யூ.

மெட்டில்டாவுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. இதற்காகவா அங்கே ஒரு ஆளைக் கொன்றுகொண்டிருக்கிறார்கள்?

முள்ளில் புடவை கிழியக் கிழிய ஓடினாள்.

"குருவி!" என்றாள் மூச்சிரைக்க. "அது ஆள் இல்லை சார், குருவி! நான் பார்த்தேன். தரையில நின்னுக்கிட்டு கத்துது."

ஒருவன் சிரித்தான். "டீச்சர் பயந்துட்டாங்க, பாவம்."

"சத்தியமா சொல்றேன். வாங்க, காட்டறேன்."

"நீங்கதானே முதல்ல ஆள் விசில் அடிக்கிறான்னு சொன்னீங்க?" என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர். "பிடிச்ச பிறகு குருவின்றீங்க. எங்களை உள்ள கூட்டிட்டுப் போய் என்ன பண்ணப் போறீங்க?"

இன்னொரு குரல், நிதானமாக, "ஆமா, உங்க வீட்டுக்காரர் தினமும் ராத்திரி எங்க போறார் டீச்சர்?" என்று கேட்டது.

அந்தக் கேள்வி விழுந்ததும் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. தெரிந்த முகங்கள். இரவல் சர்க்கரை வாங்கிப்போன வீடுகளின் முகங்கள். ரயில்வே என்று சொன்னால், ராணுவ வண்டி போகிற நேரமெல்லாம் அவனுக்குத் தெரியுமே என்பார்கள். அப்படியே கோதண்டத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். துணிச்சலால் அல்ல. நிற்க முடியவில்லை.

"காலையில கத்தும்" என்றாள். "விடியும்போது கத்தும். அதுவரைக்கும் அவனைத் தொடாதீங்க. நான் எங்கயும் போகலை, இங்கயேதான் இருப்பேன்."

சத்தியநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரயில் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து சங்கு அலறியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, விமானம் வருகிறது என்று எச்சரிக்கிற அபாயச் சங்கு. கூட்டம் நொடியில் கலைந்தது. அவனைக் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டிவிட்டு, அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். சத்தியநாதன் மட்டும் வாசல்காலில் ஒரு கணம் நின்றார். "காலையில போலீஸோட வரேன்" என்று சொல்லிவிட்டு அவரும் ஓடினார்.

மெட்டில்டா தட்டுத்தடுமாறி வீட்டுக்குப் போய்க் கத்தியும் தண்ணீரும் எடுத்து வந்தாள். கத்தியைப் பார்த்ததும் கோதண்டம் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "வேணாம்மா, எனக்குப் பொஞ்சாதி கீறாம்மா" என்றான்.

"கயிறை அறுக்கத்தான்பா. ஓடிப்போயிடு."

கயிறு அறுந்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. "எங்கம்மா போவேன்? அந்தாண்ட மிலிட்டரிக்காரன் சுட்டுடுவான். இந்தாண்ட இவுங்க கீறாங்க" என்றான். தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தான். பல் தம்ளரில் கடகடவென்று மோதியது. விமானம் எதுவும் வரவில்லை. விடிகிறவரைக்கும் இருவரும் ஆளுக்கொரு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் நாய் நடந்தால்கூட இருவரும் ஒன்றாகத் திடுக்கிட்டார்கள்.

கிழக்கு வெளுத்தது. தடிகளோடு ஆட்கள் வந்தார்கள், சத்தியநாதன் ஒரு கான்ஸ்டபிளை அழைத்து வந்தார். அறுந்த கயிற்றைப் பார்த்ததும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மெட்டில்டா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். காகம் கரைந்தது. எங்கோ சேவல் கூவியது. புதர்க்காடு வாயைத் திறக்கவில்லை. நேற்று அத்தனை பேர் மிதித்துத் துவைத்ததில் அது பறந்து போயிருக்கும். அல்லது எவன் காலிலாவது மிதிபட்டிருக்கும்.

"என்னம்மா, உங்க குருவி லீவா?" என்றார் கான்ஸ்டபிள். கோதண்டத்தின் தோளைப் பிடித்துத் தூக்கினார். ஒடிந்த கை ஆடியதில் அவன் போட்ட கூச்சல் காடுவரை கேட்டிருக்கும்.

"ஒரு நிமிஷம்" என்றாள் மெட்டில்டா. "ஒரே ஒரு நிமிஷம் சார்." சொல்லும்போதே, அது இனி வராது என்று அவளுக்கே தோன்றிவிட்டது. அடுத்தபடி இவர்கள் வில்பிரட்டைத்தான் கேட்பார்கள். ரயிலிலிருந்து இறங்கி, டிபன் பாக்ஸை ஆட்டிக்கொண்டு, எதுவும் தெரியாமல் அவன் இந்தத் தெருவுக்குள் வருவான்.

வீ... ட்யூ.

புதருக்குள்ளிருந்து அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம், ஜல்லிக் குவியல் பக்கமாக. கான்ஸ்டபிள்தான் முதலில் எட்டிப் பார்த்தார். பிறகு சத்தியநாதன், பிறகு எல்லோரும். உதிர்ந்த இலைகளுக்கு நடுவில் அது துள்ளித் துள்ளி நடந்தது. காலை வெளிச்சத்தில் முதுகு பச்சையாகவும், வயிற்றடி செக்கச் செவேலென்றும், இறக்கையில் நீலம் ஒரு துண்டாகவும் தெரிந்தன. ஒரு புழுவை இழுத்து விழுங்கிற்று. தலையைப் பின்னால் எறிந்து, இத்தனை பேர் பார்க்க, மறுபடி விசிலடித்தது. ஒருவன் செங்கல்லை எடுத்து ஓங்கினான். மெட்டில்டா போட்ட சத்தத்தில் குருவி விருட்டென்று புதருக்குள் போய்விட்டது.

"இத்துனூண்டு..." என்றார் சத்தியநாதன். ஜல்லியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

யாரோ சிரித்தார்கள். அது அப்படியே தொற்றிக்கொண்டது. "குருவிப்பா! குருவி!" என்று ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே, இரண்டிரண்டு பேராகத் தடிகளைச் சுமந்துகொண்டு கலைந்தார்கள். முந்தின நாள் மாலையில் அவர்கள் போட்ட கூச்சலைவிட இந்தச் சிரிப்பு மெட்டில்டாவை அதிகம் நடுக்கியது. கோதண்டம் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்பதே அவனுக்குப் புரியவில்லை போலிருந்தது.

கான்ஸ்டபிள், விசாரணை என்று ஒன்று உண்டே என்று அவனைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். மெட்டில்டா கிழிந்த புடவையோடு கூடவே நடந்தாள். வழியில் எதிர்ப்பட்ட வில்பிரட்டிடம், "எதுவும் கேக்காதே, கூட வா" என்றாள். அவனும் வந்தான்.

நடுப்பகலில் விட்டுவிட்டார்கள். அதற்குள் யார் மூலமோ சேதி போய், கோதண்டத்தின் மனைவி பொன்னி வந்து சேர்ந்திருந்தாள். கணவனின் கையைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள். அழவில்லை. "யாரு முதல்ல சொன்னது?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான்" என்றாள் மெட்டில்டா. "ஆஸ்பத்திரிக்குப் போலாம் பொன்னி. நாங்க கூட்டிட்டுப் போறோம்."

"எங்கூர்ல கட்டு கட்றவரு கீறாரும்மா. நீங்க வூட்டுக்குப் போங்க."

சைக்கிளைப் பொன்னியே உருட்டிக்கொண்டு கிளம்பினாள். மெட்டில்டா ரோடு திரும்புகிற இடம்வரை கூட நடந்தாள். அவள் எந்தப் பக்கம் போனாலும் கோதண்டம் மெல்ல ஒதுங்கி, சைக்கிளுக்கு மறுபக்கம் போய் நின்றுகொண்டான். ஒருமுறை அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்யக் கையைத் தூக்கியபோது, நல்ல கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். அதற்குமேல் அவள் அவர்களைத் தொடரவில்லை.

அது காட்டுப் பறவை, குளிர்காலத்தில் வடக்கேயிருந்து இறங்கி வரும், பூச்சி புழுதான் ஆகாரம், தெற்குப் பக்கம் ஆறுமணிக்குருவி என்பார்கள் என்று பள்ளிக்கூடத்து சயன்ஸ் டீச்சர் சொன்னாள். சண்டை முடிந்து, லேஅவுட்டில் எல்லோரும் ஜன்னல் காகிதங்களைப் பிய்த்து எறிந்தார்கள். மெட்டில்டா பின்பக்க ஜன்னலைத் திறந்து வைத்தாள். புதர்க்காட்டைப் பற்றி இப்போது அவளுக்கு ஒரு பயமும் இல்லை. தெருப்பக்கத்து ஜன்னலின் காகிதத்தை மட்டும் பிய்க்கவில்லை. சத்தியநாதன் ஒரு நாள் வாசலில் வந்து, "டீச்சர், எங்க வீட்டுல கேக் செஞ்சாங்க" என்று கூப்பிட்டபோது, அவள் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் போகிறவரை நின்றாள்.